ஷட்டர் ஐலண்ட்: டெடியைப் பத்தி இவ்ளோ பேசறோம், டோலரஸைப் பத்தி யாருமே பேசறதில்ல

ஷட்டர் ஐலண்ட் பாத்து முடிச்ச கையோட எல்லாரும் கேக்கற கேள்வி ஒன்னுதான், ஹீரோ டெடி நிஜமாவே பேஷண்ட்டா இல்ல நல்லா இருந்த மனுஷனை அந்தத் தீவுல வச்சு பேஷண்ட் ஆக்கிட்டாங்களா. படம் வந்தது 2010 பிப்ரவரில, இத்தனை வருஷம் ஆகியும் யாராவது புதுசா பாத்துட்டு வாட்ஸப் குரூப்ல "க்ளைமாக்ஸ் புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க"ன்னு ஒரு மெசேஜ் போட்டா போதும், அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. ஒரு கோஷ்டி "அரை மணி நேரத்துலயே கண்டுபிடிச்சிட்டேன்"னு வரும், இன்னொரு கோஷ்டி "இல்லவே இல்ல, டெடி போலீஸ்தான், டாக்டருங்க எல்லாம் சேந்து கதை கட்டிட்டாங்க"ன்னு அடம் பிடிக்கும், இன்னும் சில பேர் "செம ஸ்லோ, பாதிலயே தூங்கிட்டேன்"னு முடிச்சிடுவாங்க. இந்த மூணு தரப்புக்கும் பதில் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை, அதை விட பெரிய ஆதங்கம் என்னன்னா, கதைல நடக்கற அத்தனைக்கும் அடியில இருக்கற அவன் பொண்டாட்டி டோலரஸைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல.

படம் பாக்காதவங்களுக்காக முதல்ல கதை, ஸ்பாய்லர் இல்லாம. வருஷம் 1954. அமெரிக்கால பாஸ்டன் துறைமுகத்துக்கு வெளிய ஒரு தீவு, அதுல ஆஷ்க்ளிஃப்னு ஒரு ஆஸ்பத்திரி, கொலை மாதிரி பெரிய குற்றம் பண்ண மனநோயாளிங்களை மட்டும் வைக்கற இடம். அங்க ரேச்சல் சொலாண்டோன்னு ஒரு பொம்பள, பெத்த மூணு புள்ளைங்களைத் தண்ணில அமுக்கிக் கொன்னவ, வெளிய பூட்டின ரூம்லருந்து செருப்பு கூட இல்லாம காணாமப் போயிட்டா. அவளைத் தேட டெடி டேனியல்ஸ்னு ஒரு மார்ஷல், அதாவது மத்திய அரசு போலீஸ், வர்றான், லியனார்டோ டிகாப்ரியோ. கூட சக்னு புது பார்ட்னர், மார்க் ரஃபலோ. டாக்டருங்க எதையோ மறைக்கறாங்க, புயல் வந்து கப்பல் நின்னு போச்சு, தீவை விட்டு வெளிய போக வழியில்ல. டெடிக்கு சொந்தக் கணக்கும் ஒன்னு இருக்கு, அவன் பொண்டாட்டி டோலரஸ் சாவுக்குக் காரணமான ஆண்ட்ரூ லேடிஸ்ங்கற ஆள் இதே ஆஸ்பத்திரிக்குள்ளதான் எங்கயோ இருக்கான்னு அவனுக்கு நம்பிக்கை. டென்னிஸ் லெஹேன் 2003ல எழுதின நாவல், மார்ட்டின் ஸ்கார்சேஸி டைரக்‌ஷன், ரெண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஓடுது.

ஸ்லோன்னு சொல்றவங்களுக்கு முதல்ல சொல்லிடறேன். இது துப்பறியற படம்னு நெனச்சு உக்காந்தா ஸ்லோவாதான் தெரியும், ஏன்னா துப்பு எதுவும் ஒன்னோட ஒன்னு சேராது, ஒரு சீன்ல கெடைக்கற சீட்டு அடுத்த சீன்ல எங்கயும் கொண்டுபோய் விடாது. ஆனா அந்தக் கால கோத்திக் கதைங்க இப்டித்தான் நடக்கும், பழைய கட்டடம், மழை, பூட்டின கதவு, செத்துப் போன பொண்டாட்டி, எதையோ தெரிஞ்சு வச்சுக்கிட்டு சொல்லாம இருக்கற டாக்டருங்க. இந்த எல்லாத்தையும் ஸ்கார்சேஸி கூச்சமே படாம முழுசா எடுத்து வச்சிருக்காரு. தீவுக்குள்ள ஜீப் வந்து ஆஸ்பத்திரி கேட்டை நெருங்கற சீன்ல அடிக்கற மியூசிக் இருக்கே, பெண்டரெட்ஸ்கிங்கற இசையமைப்பாளரோட மூணாவது சிம்ஃபனிலருந்து ஒரு துண்டு, அது ஏதோ மலையே இடிஞ்சு விழப் போற அளவுக்கு அடிக்கும், ஆனா திரைல நடக்கறது என்னன்னா ஒரு வண்டி கேட்டுக்குள்ள போகுது அவ்ளோதான். நிறைய பேர் "பிஜிஎம் ஓவர்"னு சொல்றது இந்த இடத்தைத்தான். எனக்கு அது ஓவரா படல, ஏன்னா அந்தச் சத்தம் ஆஸ்பத்திரிக்கு வெளிய கேக்கற சத்தம் கிடையாது, வண்டிக்குள்ள உக்காந்திருக்கவன் தலைக்குள்ள ஓடற சத்தம். படத்துக்குன்னு தனியா யாரும் மியூசிக் போடல, ராபி ராபர்ட்சன் ஏற்கனவே இருந்த இருபதாம் நூற்றாண்டு இசைத் துண்டுங்களைப் பொறுக்கி எடுத்து அடுக்கிருக்காரு, லிகெட்டி, ஜான் கேஜ், மாலர்னு. ஆரம்பத்துல மூடுபனிக்குள்ளருந்து கப்பல் வரும்போது கேக்கற அந்த ஊதல் சத்தம் கூட இங்ரம் மார்ஷல்ங்கறவரோட இசைதான், நான் முதல்ல அதைக் கப்பல் ஹாரன்னே நெனச்சேன், நெனைக்கணும்னுதான் வச்சிருக்காங்க.

ஆஸ்பத்திரி வளாகம் செட்டு கிடையாது, மாசசூசெட்ஸ்ல மெட்ஃபீல்டுங்கற ஊர்ல நிஜமாவே மனநல மருத்துவமனையா 1896லருந்து ஓடி 2003ல மூடின இடம். அந்தச் செங்கல் கட்டடங்க, நடுவுல பச்சைப் புல்வெளி, வெளிலருந்து பாத்தா காலேஜ்னு சொல்லலாம். அது ரொம்ப முக்கியம், ஏன்னா முதல் அரை மணி நேரம் எல்லாமே அழகா சுத்தமா இருக்கு, தலைமை டாக்டரா வர்ற பென் கிங்ஸ்லி போ டை கட்டிக்கிட்டு பைப் புடிச்சுக்கிட்டு மரியாதையா பேசறாரு, பேஷண்டுங்க தோட்ட வேலை செய்யறாங்க. அந்த அமைதிதான் பயமுறுத்துது. அப்புறம் ரொம்ப ஆபத்தான பேஷண்டுங்களை வைக்கற சி வார்டுக்குள்ள போனதும் படம் மொத்தமா மாறிடும், கரண்ட் இல்ல, கல்லு சுவர், மேலருந்து தண்ணி ஒழுகுது, டெடி ஒவ்வொரு தீக்குச்சியா கிழிச்சுக்கிட்டு நடக்கறான், குச்சி அணையறதுக்குள்ள எவ்ளோ தெரியுதோ அவ்ளோதான் நமக்கும் தெரியும். கேமரா ராபர்ட் ரிச்சர்ட்சன், ஆர்ட் டான்டே ஃபெரெட்டி, ரெண்டு பேருமே ஆஸ்கர் வாங்கின ஆளுங்க, ஆனா இந்தப் படத்துக்கு ஒரு நாமினேஷன் கூட வரல. எனக்கு அதுல இன்னைக்கும் வருத்தம்தான்.

இதுக்கு மேல ஸ்பாய்லர் இருக்கு. பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, பாத்துட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

"முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்" கோஷ்டிக்கு வர்றேன். கண்டுபிடிக்க முடியும், ஏன்னா படம் எதையும் மறைக்கவே இல்ல. தீவுல காலை வச்ச உடனே பாருங்க, ரெண்டு மார்ஷல்தான் வந்திருக்காங்க, ஆனா காவலாளிங்க அத்தனை பேரும் துப்பாக்கியோட வெறைப்பா நிக்கறாங்க. கேட்டுல துப்பாக்கியைக் குடுத்துட்டுப் போகணும்னு சொன்னதும் டெடி சட்டுனு எடுத்துக் குடுத்துடறான், பக்கத்துல நிக்கற சக் பெல்ட்லருந்து அந்த உறையைக் கழட்டத் தெரியாம தடவிக்கிட்டு நிக்கறான். வருஷக் கணக்கா வேலை பாக்கற மார்ஷலுக்குத் துப்பாக்கி கழட்டத் தெரியாதா? முதல் தடவை பாக்கறப்ப புது பார்ட்னர், பதட்டத்துல இருக்கான்னு விட்டுடுவோம்.

அதை விட எனக்குப் பிடிச்ச சீன் கியர்ன்ஸ்ங்கற பேஷண்ட் அம்மாவை விசாரிக்கற சீன். டெடியும் சக்கும் டேபிளுக்கு இந்தப் பக்கம், அந்தம்மா எதிர்ல. ரேச்சலுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் ஷீஹன் எப்டிப்பட்டவர்னு டெடி கேக்கறான். அந்தம்மா ஒரு நொடி தடுமாறுவாங்க, கண்ணு லேசா சக் பக்கம் போயிட்டு வரும், அப்புறம்தான் நல்லவர், பாக்கறதுக்கும் மோசமில்லன்னு சொல்லுவாங்க. ஏன்னா ஷீஹனே எதிர்லதான் உக்காந்திருக்காரு! சக்தான் டாக்டர் ஷீஹன். அடுத்து அந்தம்மா தண்ணி கேப்பாங்க, சக் எழுந்து போய் எடுத்துட்டு வந்து குடுப்பான், அவங்க குடிக்கற ஷாட்டைக் கவனிங்க, கை வாய் கிட்ட போகுது, ஆனா கைல டம்ளரே இல்ல. வெறும் கையால குடிக்கற மாதிரி குடிப்பாங்க, அடுத்த ஷாட்ல டம்ளர் டேபிள் மேல காலியா இருக்கும். நிறைய பேர் இதை எடிட்டிங் தப்புன்னு நெனச்சாங்க. எடிட் பண்ணது தெல்மா ஸ்கூன்மேக்கர், ஸ்கார்சேஸி கூட எண்பதுகள்லருந்து விடாம வேலை பாக்கற அம்மா, மூணு ஆஸ்கர் வாங்கினவங்க, ஒரு டம்ளரை மறக்கற ஆள் கிடையாது. டெடி மனசு தண்ணியைப் பாக்க மறுக்குது, அதான் விஷயம். கப்பல்ல வாந்தி எடுத்துட்டு கண்ணாடி முன்னாடி நின்னு "வெறும் தண்ணிதானே"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறதும் இதே காரணம்தான், தண்ணிலதான் அவன் புள்ளைங்க செத்தாங்க.

இவ்ளோ சொன்ன பிறகும் "டெடி போலீஸ்தான்" கோஷ்டி விடாது. அவங்க கைல இருக்கற ஒரே ஆயுதம் குகை சீன், கடல் ஓரத்துப் பாறைக் குகைல ஒரு பொம்பள, தான்தான் நிஜ ரேச்சல், தானும் இங்க டாக்டரா இருந்தவ, உண்மையை வெளிய சொல்லப் போனதால பைத்தியம்னு முத்திரை குத்திட்டாங்கன்னு சொல்லுவா. பைத்தியம்னு ஒருத்தரை ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் அவங்க எதைச் சொன்னாலும் அதுவே பைத்தியத்துக்கு சாட்சி ஆயிடும்னு அவ சொல்றது நியாயமான பேச்சு, அதனாலதான் எல்லாரும் அவளை நம்பறாங்க. ஆனா அவளை டெடியைத் தவிர வேற யாரும் பாக்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல நெருப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், இந்தப் படத்துல நெருப்பு வர்ற இடத்துல எல்லாம் பாருங்க, தீக்குச்சி, கார் எரியறது, குகை, எல்லாமே டெடி நம்பிக்கிட்ருக்கற கதையோட சேந்த இடம். போதாததுக்கு சி வார்டுல நாய்ஸ்ங்கற பேஷண்ட் கம்பிக்குப் பின்னாடி இருந்து நேராவே சொல்லிடறான், இது எல்லாமே உனக்காக நடக்கற விளையாட்டு, நீ எதையும் விசாரிக்கல, நீதான் உள்ள மாட்டிக்கிட்ட எலின்னு. ஜாக்கி எர்ல் ஹேலி, மொத்தமே சில நிமிஷம்தான் வர்றாரு, ஆனா படத்துல முழு உண்மையை முதல்ல சொல்ற ஆள் அவருதான்.

அதனால அவன் பேஷண்ட்டா இல்லையாங்கற சண்டை என்னைப் பொறுத்தவரைக்கும் முடிஞ்ச சண்டை. அவன் பேரு ஆண்ட்ரூ லேடிஸ், ரெண்டு வருஷமா அந்த ஆஸ்பத்திரில இருக்கற அறுபத்தேழாவது பேஷண்ட், இந்த விசாரணையே அவனைத் தெளிய வைக்க டாக்டருங்க போட்ட நாடகம். பேச வேண்டியது டோலரஸைப் பத்தி.

மிஷெல் வில்லியம்ஸ் நடிச்ச டோலரஸ் கேரக்டரை ஏறக்குறைய எல்லா விமர்சனமும் "இறந்து போன மனைவி, கனவில் வருவார்"னு ஒரு வரில தாண்டிப் போயிடுது. அந்தக் கனவு சீன் பிரமாதம்தான், வீட்டுக்குள்ள சாம்பல் பனி மாதிரி கொட்டும், பழைய ரெக்கார்டு ஒன்னு ஓடும், மஞ்சள் பூப்போட்ட டிரஸ்ல திரும்பினா முதுகு கருகிப் புகை வரும், கட்டிப் புடிச்ச கைக்குள்ளயே சாம்பலா உதிர்ந்து போவா. ஆனா அது அவன் கனவு. நிஜ டோலரஸ் எப்டி இருந்தான்னு கடைசில ஏரி வீட்டு சீன்லதான் தெரியும். ஆண்ட்ரூ வாக்குமூலமா ஒரு விஷயம் சொல்லுவான். முதல் தடவை தற்கொலைக்கு முயற்சி பண்ண பிறகு டோலரஸ் அவன் கிட்ட சொல்லிருக்கா, மூளைக்குள்ள ஒரு பூச்சி இருக்கு, மண்டைக்குள்ள டிக்டிக்னு நடக்குது, உள்ள இருக்கற வயரை எல்லாம் விளையாட்டுக்கு இழுத்துப் பாக்குதுன்னு. இதை விடத் தெளிவா ஒரு மனுஷி தன் நோயைச் சொல்ல முடியுமா? அவன் காதுல வாங்கல. குடிச்சான், வேலைன்னு வீட்டை விட்டுத் தள்ளியே இருந்தான், கூட இருந்தவங்க சொன்னதையும் கேக்கல. அவ வேணும்னே வீட்டுக்குத் தீ வச்சா, அப்பவும் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போகாம வீட்டை மாத்தி ஏரிக்கரைக்குக் குடி போனான். 1952 வசந்த காலத்துல அந்த ஏரிலதான் மூணு புள்ளைங்களையும் அவ மூழ்கடிச்சா, அதுக்கப்புறம் அவளை அவனே சுட்டுட்டான்.

இந்த இடத்துலதான் இந்த அமெரிக்கப் படம் எனக்கு நம்ம வீட்டுக் கதையா ஆயிடுது. "அவளுக்கு ஒன்னும் இல்ல, வீட்லயே இருக்கா, அதான் கண்டதை யோசிக்கறா." "ஒரு மாசம் அம்மா வீட்ல விட்டுட்டு வந்தா சரியாயிடும்." "வீடு ராசி இல்ல, வேற வீடு பாக்கலாம்." "டாக்டர் கிட்ட எல்லாம் போனா வெளிய தெரிஞ்சிடும், நாளைக்குப் பொண்ணுக்கு வரன் வராது." இதுல ஒரு வாக்கியமாவது காதுல விழாத தமிழ்க் குடும்பம் இருக்கான்னு எனக்கு சந்தேகம். கெட்ட எண்ணத்துல யாரும் சொல்றதில்ல, ஆண்ட்ரூவும் கெட்டவன் கிடையாது, அவளை ரொம்ப நேசிச்சேன்னு அவனே சொல்றான், அது பொய் இல்ல. நேசிச்சதாலதான் அவளுக்கு நோய்னு ஒத்துக்க முடியல.

இதை மனசுல வச்சுக்கிட்டு முதல் சீனுக்கு வாங்க. கப்பல்ல சக் கிட்ட பொண்டாட்டி எப்டி செத்தான்னு சொல்லுவான், அபார்ட்மென்ட்ல தீ, நாலு பேர் செத்தாங்க, அவளைக் கொன்னது புகைதான், நெருப்பு இல்ல, அது முக்கியம்னு அழுத்திச் சொல்லுவான். முதல் தடவை பாக்கறப்ப அது காதுலயே விழாது. நாலு பேர், அவளும் மூணு குழந்தைங்களும். அவ உடம்பு கருகல, வலிக்காம போனான்னு தனக்குத்தானே ஒரு சாவு எழுதிக் குடுத்திருக்கான். அவன் கட்டின கதைல தீ வச்ச பழி லேடிஸ் மேல போயிடுச்சு, புள்ளைங்களைக் கொன்ன பழி ரேச்சல்ங்கற கற்பனைப் பொம்பள மேல போயிடுச்சு, டோலரஸ் மட்டும் ஒரு தப்பும் பண்ணாத, ஒரு நோயும் இல்லாத பொண்டாட்டியா மிச்சம். எல்லாரும் இதை அவன் தன்னைக் காப்பாத்திக்கக் கட்டின கதைன்னு சொல்லுவாங்க. பாதி சரி. அவளுக்கு நோய் இருந்துச்சுங்கற உண்மையைப் பைத்தியத்துக்குள்ள போயும் அவன் ஒத்துக்கலங்கறது மிச்ச பாதி. உயிரோட இருந்தப்ப அவ சொன்னதைக் கேக்கல, செத்த பிறகும் கேக்க மாட்டேங்கறான், கனவுல வர்ற டோலரஸ் அவன் கேக்க ஆசைப்படறதை மட்டும்தான் பேசறா.

இந்தப் படத்துக்கு 1954ங்கற வருஷம் சும்மா வச்சதில்ல. மூளையோட முன்பகுதி நரம்புங்களை வெட்டி விடற லோபாட்டமிக்கு, அதைத் தொடங்கி வச்ச போர்ச்சுகல் டாக்டர் மோனிஸுக்கு 1949ல நோபல் பரிசே குடுத்தாங்க. அமெரிக்கால வால்டர் ஃப்ரீமன்ங்கற டாக்டர் கண்ணு குழி வழியா ஐஸ் உடைக்கற ஊசி மாதிரி கருவியை விட்டு அதைச் செஞ்சிக்கிட்ருந்தாரு. அதே நேரத்துல ஃப்ரான்ஸ்ல கண்டுபிடிச்ச, மனநோய்க்குக் குடுக்கற குளோர்ப்ரோமசின் மாத்திரை அமெரிக்கால அனுமதி வாங்கினது 1954லதான். ஒரு பக்கம் கத்தி, இன்னொரு பக்கம் மாத்திரை, நடுவுல பென் கிங்ஸ்லியோட டாக்டர் காவ்லி, நோயாளியை மரியாதையா நடத்து, அவன் சொல்றதைக் கேளு, அவன் உலகத்துக்குள்ள போய் அவனைக் கூட்டிட்டு வான்னு நம்பற ஆள். பழைய காலத்துல விலங்கு மாட்டி அழுக்குல போட்டு வச்சாங்க, அடிச்சா பைத்தியம் தெளியும்னு ரத்தம் வர அடிச்சாங்கன்னு அவர் சொல்ற சீன் வரும்ல, எனக்கு அந்த இடத்துல ஏர்வாடிதான் ஞாபகம் வந்துச்சு. 2001 ஆகஸ்ட் 6, அங்க ஒரு மனநலக் காப்பகத்துல நோயாளிங்களைச் சங்கிலில கட்டிப் போட்ருந்ததால தீக்கு ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அமெரிக்காவோட பழைய கதைன்னு தள்ளி வச்சிட முடியாது.

அதனாலதான் காவ்லி கேரக்டரை வில்லன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் வருது. மொத்த ஆஸ்பத்திரியையும் ஒரு நாடகமா மாத்தி ரெண்டு நாள் ஒரு பேஷண்டை இஷ்டப்படி சுத்த விடறாரு, அது ஆபத்து, இன்னைக்கு எந்த டாக்டரும் அப்டி செய்ய முடியாது. ஆனா டோலரஸுக்கு அவ புருஷன் எதைச் செய்யலயோ, அதைத்தான் இந்த ஆள் ஆண்ட்ரூவுக்குச் செய்யறாரு, அவன் சொல்றதை முழுசா உக்காந்து கேக்கறாரு. ரஃபலோவோட நடிப்பும் அதுதான். டாக்டரா இருந்துக்கிட்டு போலீஸா நடிக்கற ஒரு ஆளா அவர் நடிக்கணும், ரெண்டாவது தடவை பாக்கறப்ப டெடியை விட்டுட்டு இவர் மூஞ்சியை மட்டும் பாருங்க, ஜுரம் அடிக்கற புள்ள பக்கத்துல ராத்திரி பூரா உக்காந்திருக்கறவங்க எப்டி பாப்பாங்களோ அப்டி பாத்துக்கிட்டே இருப்பாரு. டெடிக்கு சிகரெட் தீந்து போச்சுன்னா இவருதான் தர்றாரு, கை நடுங்கினா முதல்ல கவனிக்கறவர் இவரு. படம் முழுக்க பேர் வாங்கினது டிகாப்ரியோ, நியாயம்தான், ஏரில இறங்கி ஒவ்வொரு குழந்தையா தூக்கிட்டு வந்து கரைல போடற சீன்ல அவர் கத்தறது நடிப்புன்னு எனக்குத் தோணவே இல்ல. ஆனா எனக்குப் படத்தைத் தாங்கிப் பிடிச்சது ரஃபலோ.

குறை இல்லையான்னா இருக்கு. கலங்கரை விளக்கத்துக்குள்ள போர்டு வச்சு பேரோட எழுத்துங்களை மாத்திப் போட்டு விளக்கற சீன் தேவைக்கு மேல நீளம், அதுவரைக்கும் நம்மளை நம்பி எல்லாத்தையும் கண் முன்னாடி வச்ச டைரக்டர் அங்க மட்டும் கையைப் புடிச்சுப் பாடம் எடுக்கறாரு. அடுத்தது பேஷண்டுங்களைக் காட்டின விதம். தோட்டத்துல வாய்ல விரல் வச்சு உஷ்ஷுங்கற அந்தம்மா, சி வார்டுல இருட்டுக்குள்ளருந்து பாயற ஆளுங்க, இவங்களை எல்லாம் பயமுறுத்தற பொம்மையாதான் வச்சிருக்காங்க. டெடி கண்ணு வழியா பாக்கறோம் அதனால அப்டின்னு சமாதானம் சொல்லலாம், ஆனா நோயாளியை மனுஷனா பாருன்னு சொல்ற ஒரு படம் அவங்களை வச்சு திடுக் திடுக்னு பயம் காட்டறது எனக்கு உறுத்துது. நம்ம சினிமால கீழ்ப்பாக்கம்னு பேரைச் சொன்னாலே காமெடி சீன், இங்க ஹாரர் சீன், ரெண்டுலயும் அந்த நோயாளிக்குப் பேரு கிடையாது.

டெடி ரெண்டாம் உலகப் போர்ல சிப்பாயா இருந்த ஞாபகமா வர்ற டாஹாவ் நாஜி வதை முகாம் காட்சிங்க பத்தியும் கருத்து ரெண்டா இருக்கு. 1945 ஏப்ரல் 29ல அமெரிக்கப் படை அந்த முகாமை மீட்டப்ப சரணடைஞ்ச ஜெர்மன் காவலாளிங்கள்ல சில பேரைச் சுட்டது வரலாறுதான், எத்தனை பேருங்கறதுல இன்னும் சர்ச்சை உண்டு. படத்துல வேலி ஓரமா வரிசையா நிக்க வச்சு சுட்டுக்கிட்டே போறதை கேமரா ஒரே ஓட்டமா கூடவே போய் காட்டும். ஒரு சொந்தத் துக்கத்தைச் சொல்ல இவ்ளோ பெரிய துயரத்தை எடுத்துக்கலாமான்னு கேக்கறவங்க கேள்வி நியாயமானதுதான். எனக்கு அங்க சரின்னு பட்டது ஒரே இடம், பிணக்குவியல்ல கெடக்கற குட்டிப் பொண்ணு கண்ணைத் திறந்து ஏன் என்னைக் காப்பாத்தலன்னு கேக்கறது, ஏன்னா அப்புறம் அந்தப் பொண்ணு மூஞ்சிதான் அவன் சொந்தப் பொண்ணு மூஞ்சின்னு தெரிய வரும்.

இனி அந்தக் கடைசி வசனம். ராட்சசனா உயிரோட இருக்கறதா, நல்லவனா செத்துப் போறதா, எது மோசம்னு கேட்டுட்டு எழுந்து போவான். நாவல்ல இந்த வரி இல்ல, படத்துக்காக எழுதினது. ஷீஹன் "டெடி"ன்னு கூப்பிடுவாரு, அவன் திரும்ப மாட்டான். திரும்பாததுலயே தெரிஞ்சிடுது, அவனுக்குத் தெளிஞ்சிடுச்சு, தான் டெடி இல்லன்னு தெரிஞ்சுதான் லோபாட்டமிக்கு நடந்து போறான். இதைப் பாத்துட்டு "மாஸ் முடிவு, தனக்குத் தானே தண்டனை குடுத்துக்கிட்டான்"னு நிறைய பேர் உருகறாங்க. எனக்கு உருக முடியல. காவ்லி முன்னாடியே சொல்லிட்டாரு, இந்த நாடகம் தோத்தா மேலிடம் அவர் வழியையே ஒத்துக்காது, கத்திக்காரங்கதான் ஜெயிப்பாங்கன்னு. அப்போ இவன் வேணும்னே தோத்துக் காட்டினா அது அவன் ஒருத்தனோட முடிவா நிக்காது, பி வார்டுலயும் சி வார்டுலயும் இருக்கற மத்த பேஷண்டுங்க தலை மேலயும்தான் விழும். டோலரஸைப் பாக்க முடியாம ஏரிக்கரைக்கு வீடு மாத்தினவன், இப்ப தன்னைப் பாக்க முடியாம இன்னொரு வீடு மாத்தறான்னுதான் எனக்குத் தோணுச்சு. அவன் மேல கோபம் இல்ல, அந்த ஏரியைத் தினமும் ஞாபகம் வச்சுக்கிட்டு வாழுன்னு யாரையும் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆனா அதைத் தியாகம்னு கொண்டாடறதைப் பாத்தா டோலரஸ் இன்னொரு தடவை மறைஞ்சு போறான்னு படுது.

அதே வருஷம் டிகாப்ரியோ இன்செப்ஷன்லயும் செத்த பொண்டாட்டியைக் கனவுல பாத்துக்கிட்ருந்தாரு, ரெண்டையும் வச்சு எது பெருசுன்னு ஒரு சண்டை இன்னும் ஓடுது. இன்செப்ஷன் தியேட்டர் அனுபவம், சந்தேகமே இல்ல, ஆனா அதுல பொண்டாட்டி சாவு கதையை ஓட்டற சாவி மட்டும்தான், இங்க அதுதான் கதை.

யார் பாக்கலாம்னா, பொறுமையா உக்கார முடிஞ்ச எல்லாரும். புதுசா குழந்தை பொறந்த வீட்ல, குழந்தையைப் பறிகொடுத்தவங்க, மனநோய்ல யாரையாவது இழந்தவங்க, தயவு செஞ்சு அந்த ஏரி சீன் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க, அது லேசான சீன் கிடையாது, சின்னப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு கண்டிப்பா வேணாம். மத்தவங்க சப்டைட்டிலைப் போட்டுக்கிட்டு, லைட்டை அணைச்சிட்டு, நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ வச்சுப் பாருங்க, மொபைல் ஸ்பீக்கர்ல பாத்தா பாதி படம் போச்சு. முடிஞ்சதும் பேர் ஓட ஆரம்பிச்ச உடனே ஆஃப் பண்ணிடாதீங்க, மேக்ஸ் ரிக்டரோட இசை மேல டைனா வாஷிங்டன் குரலை ஒட்ட வச்சு ஒரு பாட்டு வரும், அதுக்காகவே அஞ்சு நிமிஷம் உக்காரலாம். குரூப்ல மறுபடியும் "அவன் பேஷண்ட்டா இல்லையா"ன்னு யாராவது ஆரம்பிச்சா, டோலரஸுக்கு எந்த வருஷம் டாக்டரைப் பாத்திருக்கணும்னு திருப்பிக் கேளுங்க, அந்தப் பேச்சைத்தான் நான் கேக்கணும்.